நெய்தற் கரையும் குறிஞ்சி மலையும்

(சூரியநெல்லியில், சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபொழுது, "இலக்கியமா, வரலாறா?" என்று வினவினார். "பறவை" என்றேன். அவர் சிரித்தார். விழா மேடையில் பறவைக்கு என்ன வேலை என்று நீங்களும் எண்ணக்கூடும். ஆனால் நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. நிலத்தை ஐந்து திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொன்னபோது, மரம், பூ, விலங்கு, பறை, யாழ் ஆகியவற்றோடு பறவையையும் வைத்தார்கள். ஒரு நிலத்தை அறிவது என்றால் அந்நிலத்துப் பறவையையும் அறிவது என்பது அவர்கள் கொள்கை. மேலும், வீட்டை விட்டு வெளியூர் சென்று வாழ்வோராகிய நமக்குப் பறவையோடு தனி உறவும் உண்டு. சத்திமுற்றப் புலவர் என்னும் ஏழைப் புலவர் மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கியபடி நின்று, வானில் சென்ற நாரையை அழைத்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய கதை நீங்கள் அறிந்ததே. அந்த நாரை தென்திசையில் குமரிக்குச் சென்று வடதிசைக்கு மீள்வது என்பதை அப்பாட்டு அறிந்திருக்கிறது. பறவைகள் பருவந்தோறும் வலசை போகின்றன என்ற உண்மை அதில் அடங்கியிருக்கிறது. வறுமையும் பிரிவும் பேசும் பாட்டு, பறவை நூலாகவும் அமைந்திருப்பது வியப்பன்றோ?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பறவையைப் பற்றியது மட்டுமன்று. அறிந்தவர் ஒருவர் முன்னே நடக்க, நாம் பின்னே நடந்து, பறவையையும் காட்டையும் காணுகின்ற 'வழிகாட்டி நடை' பற்றியது. அதனை நான் முதலில் கற்றது இம்மலையில் அன்று; கடற்கரையில்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரணியத்துக்குத் தெற்கே, வங்கக் கடற்கரை திரும்பிப் பாக்கு நீரிணையை நோக்கும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967ஆம் ஆண்டில் அது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு பக்கம் பாலை மரங்கள் நிறைந்த பசுமை மாறாத வறண்ட காடு, புல்வெளியில் வெளிமான்கள், மற்றொரு பக்கம் உப்பளங்களும் சதுப்பும் சேற்றுவெளியும். ஐப்பசி முதல் மாசி வரையில் அந்தச் சேற்றுவெளி பறவைகளின் பெருஞ்சந்தை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சென்ற முதல் நாள், வழிகாட்டி எவரும் இன்றித் தனியே நடந்தேன். தொலைவில் வெண்மையாகச் சில, சேற்றில் பழுப்பாகப் பல, அவ்வளவே கண்டேன். ஒரு மணி நேரத்தில் சலித்துத் திரும்பிவிட்டேன். மறுநாள் அவ்வூர் மீனவக் குடியில் பிறந்த ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். பொழுது புலரும் முன்பே புறப்பட்டோம். அவர் முதலில் சொன்னது, "வெள்ளைச் சட்டை வேண்டாம், ஐயா, மங்கிய நிறத்தில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்பது. இரண்டாவது, "சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அப்பொழுதுதான் நிறம் தெரியும்" என்பது. மூன்றாவது, "பேச வேண்டாம்; கை காட்டவும் வேண்டாம்" என்பது.

பிறகு அவர் எனக்குச் சேற்றைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். குட்டை அலகுடைய கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பில் கொத்தித் தின்கிறது. நடுத்தர அலகுடைய உள்ளான்கள் சற்று ஆழத்தில் துழாவுகின்றன. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுடைய கோட்டான் (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் அன்று, இது கரைப்பறவை) சேற்றின் அடியில் ஒளிந்திருக்கும் புழுவையும் நண்டையும் இழுத்தெடுக்கிறது. பூநாரையோ தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி நீரை வடித்து உண்கிறது. ஒரே பந்தியில் பல சாதிப் பறவை. ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை! முதல் நாள் நான் கண்டதும் இதே சேறுதான், இதே பறவைகள்தாம். கூடுதலாக இருந்தது வழிகாட்டி ஒருவரே.

அந்தக் கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ முப்பது கிராமுக்கும் குறைவு. வட துருவத்தை ஒட்டிய சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வருகிறது. இதனை எவ்வாறு அறிந்தார்கள்? பறவையைக் காயமின்றிப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி விடுகிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு அவ்வளையத்தில் பொறித்திருக்கும். வேறு நாட்டில் எவர் கையிலேனும் அது அகப்பட்டால் பறவையின் வழி தெரிந்துவிடும். பறவை அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் அக்கழகம் கோடியக்கரையில் இப்பணியைப் பல ஆண்டுகள் செய்தது. இங்கே நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் செய்தி ஒன்றுண்டு. பறவையைப் பிடிக்கும் நுட்பம் எந்தக் கல்லூரியிலும் கற்றதன்று. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போர் கைகளில் அது இருந்தது. சந்தையில் விற்பதற்குப் பறவை பிடித்த கைகளே, அறிவுக்காகப் பிடித்து மீண்டும் பறக்கவிடும் கைகளாயின. பட்டம் பெற்ற அறிஞர்கள் அக்கைகளை மதித்துத் துணைக்கொண்டார்கள்.

சென்னைக் கடற்கரையிலும் இத்தகைய நடை ஒன்று உண்டு. அது இரவு நடை. தை முதல் பங்குனி வரை கடலிலிருந்து பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. 1970களின் தொடக்கத்திலேயே ஆர்வலர் சிலர் இரவெல்லாம் மணலில் நடந்து அம்முட்டைகளைக் காக்கலாயினர். 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகக் கூடி அப்பணியை ஏற்றார்கள். அவர்கள் பொதுமக்களையும் உடனழைத்துச் சென்று, ஆமையின் வாழ்வை விளக்கி, நள்ளிரவில் மணலில் நடத்தினார்கள். குஞ்சுகள் கடலின் ஒளியை நோக்கிச் செல்ல வேண்டியவை. நகரத்து விளக்கொளியால் மயங்கித் தெருப்பக்கம் திரும்பிவிடுகின்றன. இதனைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. இரவில் கண்ணால் காண்பது வேறு. கண்டவர் மறக்க மாட்டார்.

இனி நம் மலைக்கு வருவோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, கொழுக்குமலைக்குச் செல்லும் ஜீப்பில் நானும் முன்னிருக்கையில் அமர்ந்து சென்றேன். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள அத்தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே வண்டி ஏறும் வழி நம் சூரியநெல்லி வழியேயாம். வண்டி ஓட்டியவன் நம் லயத்துப் பிள்ளை. பின்னே அமர்ந்திருந்தவர்கள் தொலைநகரத்திலிருந்து சூரிய உதயம் காண வந்தவர்கள். திரும்பும் வழியில் ஓடையருகே வண்டி நின்றபோது, புதருக்குள்ளிருந்து ஒரு பையன் சீட்டியடிப்பது போன்ற இனிய குரல் கேட்டது. "தம்பி, இது என்ன பறவை?" என்று அவர்கள் கேட்டார்கள். "ஏதோ ஒரு குருவி, சார்" என்றான் பிள்ளை. அவர்கள் ஒரு புத்தகத்தைப் புரட்டி, அதன் ஆங்கிலப் பெயரைத் தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளை தலை குனிந்து வண்டியை முடுக்கினான். தன் ஊர்ப் பறவையின் பெயரை வெளியூரார் சொல்லத் தான் வாயடைத்து நின்ற கூச்சம் அவன் முகத்தில் இருந்தது.

அன்று மாலை அவன் வீட்டுத் திண்ணையில் அவனுடைய பாட்டியிடம் இச்செய்தியைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மையார் அவர். "விடியக்காலம் சீட்டியடிக்குமே, அதுவா, வாத்தியாரையா? நீலமும் கருப்புமாக இருக்கும். மழைக்காலத்தில் அருவியோரப் பாறை இடுக்கில் பாசி வைத்துக் கூடு கட்டும். எத்தனை கூடு பார்த்திருக்கிறேன்! டேய் ராசா, உனக்குத் தெரியாதா?" என்றார். பேரன் விழித்தான். "நீ என்றைக்கு ஆத்தா சொன்னாய்?" என்று கேட்டான். "நீ என்றைக்கு ராசா கேட்டாய்?" என்றார் அவர்.

அன்பர்களே! அப்பறவை சீகாரப் பூங்குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் பறவை. அதன் இயல்பு முழுவதும் அந்த அம்மையாரிடம் இருந்தது. அதன் பெயர் வெளியூராரிடம் இருந்தது. அதனைக் காட்டும் வண்டி பேரனிடம் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் சேரவில்லை. நம் காலனியின் குறை இதுவே என்று நான் கருதுகிறேன்.

நம் மலையில் காண என்ன இருக்கிறது என்று கேட்பீராயின், சிலவற்றைச் சொல்லுகிறேன். புரட்டாசியில் நம் தோட்டப் பாதைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நமக்கு முன்னே ஓடும் சாம்பல் நிற வாலாட்டிக் குருவி, இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருவது. சோலை ஓரத்துப் புதர்களில் கூட்டமாகச் சிரிப்பது போல் கத்தும் வெண்புருவச் சிரிப்பான், உலகில் வேறெங்கும் இல்லாதது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகளுக்கே உரியது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் வேறு இனம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள அந்தத் தாழ்நிலத்தைக் குளிர்மலைப் பறவைகள் கடப்பதில்லை. ஆதலின் இருபுறமும் தனித்தனியே பிரிந்து வாழ்ந்து, காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாயின. நாம் பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் வெளி, அப்பறவைக்குக் கடலுக்கு நிகரானது.

சாலிம் அலி 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மறையூரிலும் மூணாற்றிலும் தங்கி ஆராய்ந்தார். தட்டேக்காட்டின் பறவை வளத்தைக் கண்டு வியந்தவரும் அவரே. 1983ஆம் ஆண்டில் அது புகலிடமாயிற்று. அங்கே பறவை அறிஞர் சுகதனிடம் பயின்ற உள்ளூர் மக்கள் பின்னாளில் தேர்ந்த வழிகாட்டிகளானார்கள். அவர்களுள் பெண்மணியும் உண்டு. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர் பறவைக் கணக்கெடுத்தனர். 361 வகைப் பறவைகள் அதில் பதிவாயின. அவர்களுள் பலர் ஆசிரியர், மாணவர், அலுவலர், நம்மைப் போன்றவர்களே.

நம் இடுக்கி மாவட்டத்திலேயே இதனினும் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டுமரங்களின் நறுமணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளுக்கு அஞ்சி வாழ்ந்தோர் சிலர் இருந்தனர். 1990களின் பிற்பகுதியில் அவர்கள் வனத்துறையோடு இணைந்து, பயணிகளைக் காட்டில் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்கு மனப்பாடம். களவுக்குப் பயன்பட்ட அறிவே காவலுக்குப் பயன்பட்டது. 2002ஆம் ஆண்டில் அக்காட்டோரப் பெண்கள் 'வசந்த சேனை' என்று கூடி, ஊதியம் கருதாது முறைவைத்துக் காட்டைச் சுற்றிவரத் தொடங்கினர். தவறு செய்தோருக்கே அக்காடு இத்துணைப் பெரிய வாழ்வு தந்தது என்றால், தவறேதும் செய்யாத நம் இளைஞருக்கு நம் மலை என்ன தாராது?

வழிகாட்டி என்பவர் பெயர் சொல்லுவதற்கு மட்டும் உரியவர் அல்லர். உயிர் காப்பதற்கும் உரியவர். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாளை இங்கிருப்போர் மறந்திருக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காட்டுத் தீ மூண்டு, மலையேற வந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளம் உயிர்கள்! அம்மாதத்தில் போதைப்புல் எவ்வாறு காய்ந்திருக்கும், பிற்பகல் காற்று எந்தப் பக்கம் ஏறும் என்பதை இம்மலையில் பிறந்தவர் அறிவர். 'இந்த மாதம் இந்த வழி வேண்டாம்' என்று சொல்லக் கூடியவரே வழிகாட்டி. அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024ஆம் ஆண்டில் 40 மலைவழிகளைத் தேர்ந்து, அந்தந்த மலையைச் சார்ந்த இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது.

யானையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து அரிக்கொம்பன் கொண்டுசெல்லப்பட்ட நாளில் நாம் அனைவரும் விழித்திருந்தோம். ஒரு யானை போயிற்று. யானை வழி போகவில்லை. ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை நாடி அவை வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஈரமான சாணம் எவ்வளவு நேரத்தது, மூங்கில் முறிந்த ஓசை எந்தத் திசையது, காற்றில் வரும் வாடை என்ன சொல்கிறது என்று அறிந்தவர் உடனில்லாமல், வைகறையில் பறவை காணப் புறப்படுவது அறிவுடைமை ஆகாது. அந்த அறிவு நம் பெரியவர்களிடம் இருக்கிறது. முதுவர் குடி மக்களிடம் நம்மினும் மிகுதியாக இருக்கிறது. அவர்களை ஆசிரியராக மதித்து அழைக்க வேண்டும்.

ஆகவே இச்சங்கத்தின் முன் நான் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று, நன்றாக விடிந்த பின், ஒரு பறவை நடை நடத்துவோம். தோட்ட நிர்வாகத்தினிடமும் வனத்துறையினிடமும் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவோம். ஒரு நடைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். முன்னே ஒரு பெரியவர், பின்னே ஓர் இளைஞர், இடையே குழந்தைகள். ஒரு பைனாகுலரைப் பலர் முறையாகப் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் இல்லையெனின் கண்ணும் செவியும் போதும். கூட்டை நெருங்குவதில்லை, பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதனை ஏமாற்றி அழைப்பதில்லை, தின்பண்டம் வீசுவதில்லை, ஒரு காகிதமும் விட்டு வருவதில்லை. அட்டைக்கு உப்புப் பொட்டலம் மட்டும் மறவாதீர்கள்!

இரண்டாவது, சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். அதில் ஒவ்வொரு பறவைக்கும் நம் லயங்களில் வழங்கும் பெயர், நூல்களில் உள்ள தமிழ்ப்பெயர், முதுவர் வழங்கும் பெயர், மலையாளப் பெயர் என நான்கையும் எழுதுவோம். கொழுந்து பறித்த தாய்மார்கள் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு பாட்டி மறையும்போது ஒரு பறவையின் கதையும் உடன் மறைதல் கூடாது.

மூன்றாவது, பொங்கல் நாளை நாம் கொண்டாடுகிறோம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலை ஒட்டிய நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும், அவ்வளவே. கோலத்துக்கும் பொங்கற் பானைக்கும் இடையே நம் வாசலிலும் கால்மணி நேரம் கிடைக்கும்.

நான்காவது, நம் ஜீப் ஓட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். உதயம் காட்டும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. வந்தவர் முகம் சுளித்துத் திரும்புவர். பறவை காட்டத் தெரிந்தவனுக்கோ மேகமும் தடையன்று. வண்டியை நிறுத்தி, விசையை அணைத்து, "இறங்குங்கள் ஐயா, சற்று நடப்போம்" என்று சொல்லும் தகுதியைப் பெறுங்கள். அப்பொழுது உங்கள் கூலி உயரும் என்பது உண்மை. அதனினும் மேலாக, வந்தவர் உங்களை 'ஓட்டுநர்' என்று அழைக்காமல் 'ஆசிரியர்' என்று மதிப்பார்கள்.

நம் முன்னோர் போடிமெட்டு வழியே தலைச்சுமையோடு இம்மலை ஏறியவர்கள். காடாயிருந்த இம்மண்ணில் தேயிலையை நட்டு வளர்த்தவர்கள் அவர்கள். கூலி பெற்றார்கள், நிலம் பெறவில்லை. "இவ்வூர் உங்களுடையதா?" என்று நம்மை யாரேனும் வினவினால், பத்திரம் காட்ட நம்மில் பலரிடம் இல்லை. ஆனால் இம்மலையின் ஒவ்வொரு குரலையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவனை அந்நியன் என்று எவரும் சொல்லத் துணியார். வாலாட்டிக் குருவி ஆண்டில் பாதியை இங்கே கழிக்கிறது. பாதியை இமயத்தில் கழிக்கிறது. இரண்டும் அதற்கு வீடுதான். தமிழ்நாட்டு எல்லைக்கல்லின் மேல் அமர்ந்து, கேரளத்து ஓடையில் நீர் குடிக்கிறது. அதற்குள்ள உரிமை அறிதலால் வந்த உரிமை. எந்த ஓடையில் நீர் உண்டு, எந்தப் புதரில் புழு உண்டு என்று அது அறியும்.

நான் சொன்ன பேரன் இப்போது மாலைதோறும் பாட்டியின் அருகில் அமர்கிறான். ஒரு பழைய பள்ளி நோட்டில் இதுவரை பதினேழு பறவைகளை எழுதியிருக்கிறான். முதல் பக்கத்தில் சீகாரப் பூங்குருவி. வரும் முதல் ஞாயிறன்று நம் முதல் நடைக்கு அவனும் அவன் பாட்டியும் முன்னே நடக்க இசைந்திருக்கிறார்கள். காலை ஆறரை மணிக்குச் சங்கத்தின் வாசலில் கூடுவோம். மங்கிய நிறச் சட்டையோடு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.